கணவாயை வறுத்தது யார்? ஒரு கான்டனீஸ் மரபுத்தொடரைப் பிழையின்றிப் பேசுவது பற்றி

கேள்வி இது: “ஹாங்காங்கில் கவுலூன் பகுதியில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் அண்மையில் சேர்ந்தேன். கான்டனீஸ் ஓரளவு பேசுவேன். ஒருவருக்கு வேலை போய்விட்டால் ‘கணவாய் வறுப்பது’ என்று இங்கே சொல்வார்கள் எனத் தெரிந்துகொண்டேன். முந்தைய நிறுவனத்தில் என்னை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள் என்று சொல்ல நினைத்து, மதிய உணவின்போது ‘ஙோ ட்சாவ்-ஜோ யௌ-யூ’ என்றேன். மேலாளர் உட்பட எல்லோரும் விழித்தார்கள். ‘நன்றாக வந்ததா?’ என்று ஒருவர் கேட்டார். எங்கே தவறினேன்? இந்தத் தொடரை மேலாளர் முன்னால் சொல்லவே கூடாதா?”

நீங்கள் சொன்னதற்கு அவர்கள் காதில் விழுந்த பொருள்: “நான் கணவாய் வறுத்தேன்.” அதைக் கேட்ட ஒருவர் சமையல் எப்படி வந்தது என்று விசாரித்ததில் வியப்பில்லை. சொற்கள் எல்லாம் சரிதான். ‘ஙோ’ என்றால் நான். ‘ட்சாவ்’ என்றால் வறு, ‘ஜோ’ என்பது செயல் முடிந்ததைக் காட்டும் ஒட்டு, ‘யௌ-யூ’ என்றால் கணவாய். நீங்கள் விட்டுவிட்டது இரண்டு செய்திகளை: வறுத்தவர் யார், யாருக்காக வறுத்தார். இந்தத் தொடரின் உயிர் அந்த இரண்டில்தான் இருக்கிறது. நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது இது:

“ஙோ பெய் யன் ட்சாவ்-ஜோ யௌ-யூ.”

‘பெய் யன்’ என்பதற்கு ‘ஆளால்’ என்று பொருள். யாரோ ஒருவர் எனக்குக் கணவாய் வறுத்துவிட்டார், அதாவது என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தச் சின்னத் துண்டைச் சேர்த்திருந்தால் மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் விளங்கியிருக்கும்.

இலக்கணத்துக்குப் போகுமுன் கணவாய் இங்கே எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். அது தெரிந்தால் தொடரின் காரமும் பிடிபடும், எந்த இடத்தில் பேசலாம், எங்கே கூடாது என்பதும் பாதி விளங்கிவிடும்.

யௌ-யூ என்பது நம் கடற்கரையில் ஊசிக் கணவாய் என்று சொல்கிறோமே, அது. உள்ளே கனத்த ஓடு கொண்ட ஓட்டுக் கணவாய்க்குக் கான்டனீஸில் வேறு பெயர் உண்டு, ‘மக்-யூ’. இந்தத் தொடரில் அது வராது. கான்டனீஸ் சமையல்காரர் ஊசிக் கணவாயை எடுத்தால், குழாய் போன்ற உடலைப் பிளந்து விரித்துப் பலகையில் வைப்பார். குடல் இருந்த உட்புறம் மேலே இருக்கும். கத்தியைச் சாய்த்துப் பிடித்து, சதை முழுதும் அறுபடாமல், நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுவார். பிறகு இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டுவார். இரும்புச் சட்டி புகையும் அளவு காய்ந்ததும் துண்டுகள் உள்ளே போகும். தட்டையாகப் போன துண்டு சில நொடிகளில் சுருண்டு, கீறல் வெளியே தெரியும்படி சிறு உருளையாக மாறிவிடும். வெளிப்புறத் தோலோரத்தில் உள்ள இழைகள் சூட்டில் சட்டென்று இழுத்துக்கொள்வதால் அந்தப் பக்கம் உள்வாங்க, கீறிய பக்கம் வெளியே விரிகிறது. கொஞ்சம் அதிக நேரம் சட்டியில் கிடந்தால் ரப்பர்போல் ஆகிவிடும். அதனால் சுருண்டதும் இறக்கிவிடுவார்கள்.

அந்தச் சுருளைப் பார்த்த தென்சீனத் தொழிலாளிக்கு நினைவு வந்தது தன் படுக்கை. குவாங்சோவிலும் ஹாங்காங்கிலும் பழைய காலத்துக் கடைகளில் வேலைக்குச் சேர்ந்தால் சோறும் தங்குமிடமும் முதலாளி பொறுப்பு. தங்குமிடம் என்றால் தனி அறை அல்ல. இரவில் கடையை அடைத்த பிறகு அரிசி மூட்டைகளுக்கும் கருவாட்டுக் கூடைகளுக்கும் நடுவே, கல்லாப் பெட்டிக்கு அருகே, பரணின் மீது, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே விரித்துப் படுக்க வேண்டும். பாயும் போர்வையும் ஊரிலிருந்து அவரவர் கொண்டு வருவது. முதலாளி “போதும், போய்விடு” என்றால் அந்த ஆள் செய்யக்கூடிய முதல் வேலை, பாயையும் போர்வையையும் சேர்த்துச் சுருட்டிக் கட்டுவது. வேலையோடு இரவு தலைசாய்க்கும் இடமும் போய்விட்டது என்று அதற்குப் பொருள். ‘படுக்கையைச் சுருட்டு’ என்றும், ‘ஜப் பாவ்-ஃபுக்’, அதாவது மூட்டையைக் கட்டு என்றும் நேரடியாகச் சொல்லும் வழக்கங்கள் இன்றும் இருக்கின்றன. நாம் ‘மூட்டை முடிச்சைக் கட்டு’ என்று சொல்வதும் அதே நினைப்புத்தான். கணவாய்த் தொடர் அதைச் சுற்றி வளைத்துச் சொல்கிறது. முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராத ஒன்றைச் சட்டியில் சுருளும் மீனைக் காட்டிச் சொல்லியிருக்கிறார்கள். இதைத்தான் கான்டனீஸ் பேசும் எவரைக் கேட்டாலும் காரணமாகச் சொல்வார்.

தமிழ்க் காதுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. “முதலாளி அவனை வறுத்தெடுத்துவிட்டார்” என்றால் நாம் கடுமையாகத் திட்டியதாகத்தான் புரிந்துகொள்வோம். கான்டனீஸ் ‘ட்சாவ்’ அப்படி அல்ல. அதில் திட்டு இல்லை. ஒரு சொல்கூடக் கடிந்து பேசாமல், கைகுலுக்கி, நன்றி சொல்லி அனுப்பினாலும் அது ட்சாவ்தான். ஆகவே மேலாளர் ஒருவரைக் கண்டித்ததைச் சொல்ல இந்தத் தொடரை எடுத்துவிடாதீர்கள். கேட்பவர் அந்த ஆளுக்கு வேலையே போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார். அலுவலகத்தில் அது எப்படிப்பட்ட வதந்தியாகப் பரவும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி அமைப்பு. ‘ட்சாவ் யௌ-யூ’ என்பது உடைக்க முடியாத ஒற்றைச் சொல் அல்ல. வினை ஒன்று, அதன் செயப்படுபொருள் ஒன்று; நடுவே ஓர் இடைவெளி. யாருடைய வேலை போகிறதோ அவர் அந்த இடைவெளிக்குள் வந்து உட்கார வேண்டும்.

“லோ-பான் ட்சாவ்-ஜோ கொய் யௌ-யூ.” முதலாளி அவரை நீக்கிவிட்டார்.

லோ-பான் முதலாளி, கொய் என்பது அவர். ஆள் கணவாய்க்கு முன்னால் வருகிறார் என்பதைக் கவனியுங்கள். “ட்சாவ் யௌ-யூ கொய்” என்று கடைசியில் ஆளை ஒட்டவைப்பது, கான்டனீஸ் கற்கத் தொடங்கிய வெளிநாட்டவரிடம் நான் அதிகம் கேட்கும் பிழை. அதுபோல ‘ஜோ’ வினையை விட்டு நகராது. “ட்சாவ் யௌ-யூ ஜோ” என்று கணவாய்க்குப் பின்னால் போட்டால் காதில் உறுத்தும்.

இந்த இடைவெளியை ஒருமுறை பிடித்துக்கொண்டால் அலுவலகத்தில் தினமும் காதில் விழும் வேறு பல தொடர்களும் கைவசமாகும். ‘போங் ஸௌ’ என்றால் உதவு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘கைக்கு உதவு’. அவருக்கு உதவு என்பது “போங் கொய் ஸௌ”. ‘ட்சாட் ஹாய்’ என்றால் செருப்புத் துடைப்பது, அதாவது மேலிடத்தில் இருப்பவரைக் காக்காய் பிடிப்பது. முதலாளியைக் காக்காய் பிடிப்பது “ட்சாட் லோ-பான் ஹாய்”. ‘ஃபோங் ஃபெய்-கெய்’ என்றால் விமானத்தைப் பறக்கவிடுவது, அதாவது வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது. “ஃபோங் ஙோ ஃபெய்-கெய்” என்றால் என்னைக் காக்கவைத்து ஏமாற்றிவிட்டார் என்று பொருள். எல்லாவற்றிலும் பாதிக்கப்பட்டவரோ பயனடைந்தவரோ நடுவில்தான் உட்காருகிறார். இவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பழகுங்கள், தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட வேகமாக நாக்கில் நிற்கும்.

‘பெய்’ விஷயத்தில் இன்னும் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் உங்கள் வாக்கியத்துக்கு நேரடியாகத் தேவைப்பட்டது அதுதான். “என்னை நீக்கிவிட்டார்கள்” என்று தமிழில் சொல்லும்போது யார் நீக்கினார்கள் என்று நாம் சொல்வதில்லை. வினையின் பன்மை விகுதியே போதும். கான்டனீஸில் வினைக்கு விகுதி கிடையாது. அதனால் நீக்கியவரை வெளிப்படையாக வைத்தாக வேண்டும். பெயர் தெரிந்தால் பெயர், தெரியாவிட்டாலோ சொல்ல விருப்பமில்லாவிட்டாலோ ‘யன்’, வெறும் ‘ஆள்’. “ஙோ பெய் ட்சாவ்-ஜோ” என்று ஆளை விட்டுவிட்டுச் சொன்னால் அரைகுறையாக நிற்கும். மாண்டரின் படித்துவிட்டு வருபவர்கள் இங்கே தவறாமல் தடுக்கி விழுவார்கள். மாண்டரினில் ஆளை விட்டுவிடலாம், கான்டனீஸ் பேச்சில் கூடாது. செய்தித்தாள் தலைப்புகளில் மட்டும் எழுத்து நடைக்குரிய வேறொரு செயப்பாட்டுச் சொல்லைப் போட்டு ஆளில்லாமல் சுருக்கி எழுதுவார்கள். அதைப் படித்துவிட்டு அப்படியே பேசவேண்டாம்.

அடுத்து ‘ஜோ’வா ‘க்வோ’வா என்பது. இந்த இடத்தில் உங்கள் வாக்கியத்தை இன்னும் ஒரு படி செம்மைப்படுத்தலாம். ‘ஜோ’ ஒரு செயல் முடிந்து அதன் விளைவு இப்போதும் நிற்பதைக் காட்டும். காலம் எதுவும் சொல்லாமல் “ஙோ பெய் யன் ட்சாவ்-ஜோ யௌ-யூ” என்றால், இப்போதுதான் வேலை போயிற்று, இந்த நிமிடம் வேலையில்லாமல் நிற்கிறேன் என்ற தொனி வரும். புதிய வேலையில் சேர்ந்தபிறகு பழைய கதையைச் சொல்கிறீர்கள் என்றால் ‘க்வோ’ பொருத்தம்: “ஙோ பெய் யன் ட்சாவ்-க்வோ யௌ-யூ.” ஒருகாலத்தில் எனக்கும் அப்படி நேர்ந்ததுண்டு என்று அதற்குப் பொருள். ‘ஜோ’வையே வைத்துக்கொள்ள விரும்பினால் காலத்தைச் சேருங்கள். ‘கௌ-நின்’ என்றால் போன ஆண்டு. அதை முன்னால் போட்டால் குழப்பம் தீர்ந்தது.

நீக்கவில்லை என்று சொல்ல ‘மோ’ வேண்டும்: “கொய் மோ ட்சாவ் ஙோ யௌ-யூ”, அவர் என்னை நீக்கவில்லை. மறுப்பு வந்தால் ‘ஜோ’ போய்விடும், இரண்டையும் சேர்த்துச் சொல்லக்கூடாது.

கணவாயையே விட்டுவிடலாமா என்றால், விடலாம். நெருங்கியவர்கள் பேசும்போது பெரும்பாலும் ‘ட்சாவ்’ மட்டுமே மிஞ்சுகிறது. “கொய் பெய் யன் ட்சாவ்-ஜோ” என்றாலே போதும். “குங்-ஸீ ட்சாவ் யன்” என்றால் நிறுவனம் ஆட்களை வெளியே அனுப்புகிறது என்று பொருள். பத்திரிகைகள் ‘ட்சாவ் யௌ’ என்று பாதிக் கணவாயோடு நிறுத்திக்கொள்ளும். கால்பந்துப் பக்கங்களில் பயிற்சியாளர் நீக்கப்பட்டால் ‘ட்சாவ் ஸொய்’, தளபதியை வறுத்தார்கள் என்று எழுதுவார்கள். ஆனால் வேலைக்கு வெளியே இந்தத் தொடரை நீட்டாதீர்கள். காதலரைக் கைவிடுவதற்கு ‘ஃபெய்’ என்ற வேறு சொல் இருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்து இயல்பாக விலகுவதும் ட்சாவ் ஆகாது, அது ‘யோக் முன்’, ஒப்பந்தம் நிறைவு.

எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்தது அது திரும்பிப் பாயும் விதம். “ஙோ ட்சாவ்-ஜோ லோ-பான் யௌ-யூ”, நான் முதலாளிக்குக் கணவாய் வறுத்துவிட்டேன். அதாவது நானே வேலையை உதறிவிட்டேன். பாயைச் சுருட்டிக்கொண்டு கடையை விட்டு இறங்கிய கூலியாளின் பேச்சு, நூறாண்டு கடந்து அவன் பேரன் வாயில் இப்படி மாறியிருக்கிறது. அனுப்புகிறவன், அனுப்பப்படுகிறவன் இருவரும் இடம் மாறிவிட்டார்கள். ஹாங்காங்கின் சம்பளக்காரர்கள் தங்களை ‘தா-குங்-ஜாய்’ என்று சொல்லிக்கொள்வார்கள், கூலிக்கு உழைக்கும் பிள்ளைகள் என்று. அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு: “துங்-கா ம் தா, தா ஸாய்-கா.” கிழக்கு வீட்டில் வேலை இல்லையென்றால் மேற்கு வீட்டில் வேலை. உங்கள் கதையைக் கேட்டு யாராவது இதைச் சொன்னால் ஆறுதலாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளியை வறுத்த கதையைச் சொல்லும்போது அந்தத் தெம்பு குரலில் இருக்க வேண்டும். அமைதியாக முறைப்படி விலகியிருந்தால் ‘ட்சீ-ஜிக்’, பதவி விலகல் என்ற சொல்லே தகும். சண்டை போட்டு அந்த நிமிடமே வெளியேறினால் ‘பெக் பாவ்’. பாவ் என்பது துப்பாக்கி. துப்பாக்கியை வீசிவிட்டுப் போகும் காவலரிடமிருந்து வந்த வழக்கு என்பார்கள்.

உச்சரிப்பைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. ‘ட்சாவ்’ என்பதில் முதல் ஒலி மூச்சை ஊதிக்கொண்டு வர வேண்டும். வாயின் முன் ஒரு தாளைப் பிடித்தால் அது அசைய வேண்டும். நாம் தமிழில் ச என்னும்போது மூச்சை ஊதுவதில்லை. அதே பழக்கத்தில் சொன்னால் ‘ஜாவ்’ ஆகிவிடும், ‘தேடு’ என்றும் ‘சில்லறை கொடு’ என்றும் பொருள்படும் வேறொரு சொல் அது. ‘யௌ’ தாழ்ந்து இறங்கும் தொனி, அதாவது சொல்லும்போது குரல் கீழே இறங்க வேண்டும். ‘யூ’வுக்கு நாக்கை ஈ சொல்வதுபோல் வைத்துக்கொண்டு உதட்டை ஊ சொல்வதுபோல் குவிக்க வேண்டும்.

அந்த ‘யூ’வின் தொனியில் ஒரு நுட்பம் இருக்கிறது. மீனைக் குறிக்கும் இந்தச் சொல்லுக்கு அகராதியில் தாழ்ந்து இறங்கும் தொனிதான். திமிங்கலம், முதலை ஆகியவற்றின் பெயர்களில் வரும்போது அந்தத் தொனியிலேயே நிற்கும். கணவாய், கருவாடு, தங்கமீன் போன்ற அன்றாடப் பெயர்களில் அது மேலேறும் தொனியாக மாறிவிடும். வீட்டிலும் சந்தையிலும் புழங்கிப் பழகிய பொருள்களுக்குக் கான்டனீஸ் இப்படித் தொனியை உயர்த்திச் சொல்லும். ஆகவே மொத்தத் தொடரும் ஏறி, இறங்கி, மறுபடி ஏற வேண்டும். கடைசியை இறக்கி முடித்தால் புத்தகத்தைப் பார்த்துப் படிப்பதுபோல் இருக்கும்.

‘ஙோ’ நமக்கு எளிது, ங என்ற எழுத்தே நம்மிடம் இருக்கிறது. இன்றைய ஹாங்காங் இளைஞர்களில் பலர் அதைக்கூட விட்டுவிட்டு ‘ஓ’ என்கிறார்கள். பெரியவர்கள் அதைச் சோம்பேறி உச்சரிப்பு என்று கடிந்துகொள்வார்கள். நீங்கள் ஙோ என்றே சொல்லுங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. மேலாளர் முன்னால் சொல்லலாமா?

இது கெட்ட வார்த்தை அல்ல. தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் வருகிறது, குழந்தைகளுக்கும் தெரியும். ஆனால் இது பேச்சுவழக்கு. அதில் ஒரு குத்தல் இருக்கிறது. உங்களைப் பற்றி நீங்களே சொன்னால் அந்தக் குத்தல் உங்கள்மீதே விழுகிறது. வெளிப்படையாகப் பேசுகிறவர் என்று கேட்பவருக்கு மதிப்புக்கூட வரலாம். இன்னொருவரைப் பற்றிச் சொன்னால் அவர் சுருட்டிய பாயோடு தெருவில் நிற்கும் காட்சியை நீங்கள் எல்லோருக்கும் காட்டுகிறீர்கள். அண்மையில் வேலை இழந்தவரிடம் நேரே “உங்களுக்குக் கணவாய் வறுத்துவிட்டார்களாமே” என்று கேட்பது இரக்கமற்ற செயல். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் நீங்களும் சொல்லலாம், அதற்கு முன் வேண்டாம்.

ஒருவர் இப்போது அலுவலகத்தில் இல்லை என்று வாடிக்கையாளரிடமோ மற்றவரிடமோ சொல்ல வேண்டி வந்தால், ஹாங்காங்கில் எல்லோரும் சொல்லும் நல்ல வாக்கியம் “கொய் மோ ஜோ லா”. அவர் இங்கே வேலை செய்வதில்லை, அவ்வளவுதான். தானே போனாரா, அனுப்பினார்களா என்ற பேச்சுக்கே அது இடம் கொடுப்பதில்லை. என் கருத்தில், கணவாய்த் தொடரைக் கற்பதற்கு முன்பே இதைக் கற்றிருக்க வேண்டும். “கொய் ஜௌ-ஜோ”, போய்விட்டார் என்று சொல்லிவிடாதீர்கள், இறந்துவிட்டார் என்றும் அதற்குப் பொருள் வரும்.

எழுத்தில், நேர்காணலில், மனிதவளத் துறையோடு பேசும்போது முறையான சொற்கள் தனியே இருக்கின்றன. ‘காய்-கூ’ என்பது வேலைநீக்கம். ‘ட்சோய்-யூன்’ என்பது ஆட்குறைப்பு. 2020 அக்டோபரில் கேத்தே பசிபிக் விமான நிறுவனம் 8,500 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தபோது செய்திகளில் அடிபட்டது இந்த ட்சோய்-யூன்தான். இந்த வேறுபாடு மரியாதைக்காக மட்டும் அல்ல. ஹாங்காங்கின் வேலைவாய்ப்புச் சட்டம் 1968 முதல் நடப்பில் இருக்கிறது. ஆட்குறைப்பால் வேலை இழந்தவர் தொடர்ந்து 24 மாதங்களாவது அங்கே பணிபுரிந்திருந்தால் அவருக்குப் பணிநீக்க இழப்பீடு உண்டு. கடுமையான ஒழுங்கீனத்துக்காக அந்தக் கணமே நீக்கப்பட்டவருக்கு அது கிடையாது, முன்னறிவிப்பும் கிடையாது. பேச்சில் இரண்டுமே ட்சாவ்தான். எனவே நேர்காணலில் “என்னை ட்சாவ் செய்துவிட்டார்கள்” என்று சொன்னால், எதிரே இருப்பவர் எந்த வகை என்று யோசிக்கத் தொடங்குவார். தவறு எதுவும் செய்யாமல் ஆட்குறைப்பில் வேலை இழந்தவர் ட்சோய்-யூன் என்ற சொல்லைத்தான் சொல்ல வேண்டும். அது அவருடைய நற்பெயரைக் காக்கும்.

இதே செய்தியைச் சொல்ல வேறு வழக்குகளும் காதில் விழும். ‘தாய் ஸொன்-ஃபுங்’, பெரிய உறை. நீக்கக் கடிதமும் கணக்குத் தீர்க்கும் காசோலையும் ஒரு பெரிய உறையில் வரும். “அவருக்குப் பெரிய உறை வந்தது” என்றால் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அதைவிடப் பழையது ‘மோ-ட்சிங்-கய்’, இரக்கமற்ற கோழி. முன்காலத்துக் கடைகளில் வேலை சந்திரப் புத்தாண்டை ஒட்டி ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும். ஆண்டுக் கடைசியிலோ, புத்தாண்டின் இரண்டாம் நாள் கடை திறப்புக்காகவோ முதலாளி எல்லோருக்கும் விருந்து வைப்பார். விருந்தென்றால் கோழி இல்லாமல் முடியாது. முதலாளி தன் கையால் குச்சியில் ஒரு கோழித்துண்டை எடுத்து ஒருவர் கிண்ணத்தில் வைத்தால், அவருக்கு இந்த ஆண்டு வேலை இல்லை என்று பொருள். வாயைத் திறந்து எதுவும் சொல்வதில்லை. அந்த ஆள் கோழியைத் தின்றுவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, பாயைச் சுருட்ட வேண்டியதுதான். மற்ற நாள்களில் முதலாளி உணவெடுத்துத் தருவது பெரிய மரியாதை. அந்த ஒரு நாள் மட்டும் எல்லோரும் அவர் குச்சியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஃபூஜியன், தைவான் பக்கங்களில் சமைத்த கோழியின் தலை யாரை நோக்கி வைக்கப்படுகிறதோ அவருக்கு வேலை போயிற்று என்பார்கள். “மோ-ட்சிங்-கய் சாப்பிட்டான்” என்று இன்றும் மூத்தவர்கள் சொல்லக் கேட்கலாம். அதைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். இளைஞர்கள் பேசுவதில்லை, நீங்கள் பேசினால் செயற்கையாக இருக்கும்.

‘ட்சாவ்’ எங்கே வந்தாலும் வேலைநீக்கம் என்று நினைத்துவிடவும் கூடாது. வீட்டு மனையையும் பங்குகளையும் லாபத்துக்காக வாங்கி விற்பதும் ட்சாவ்தான். ‘ட்சாவ் செ’ என்றால் வண்டியை மோதிக் கவிழ்ப்பது. ‘ட்சாவ் காங்’ என்றால் முழுநேர வேலைக்கு மேல் வெளியே இன்னொரு வேலை பார்த்துச் சம்பாதிப்பது. உங்கள் சக ஊழியர் ட்சாவ் காங் செய்கிறார் என்று கேள்விப்பட்டு அவருக்கு வேலை போய்விட்டது என்று வருந்த வேண்டாம். ‘ட்சாவ் ஹா ட்சாக் ஹாய்’, இறாலை வறுத்து நண்டைப் பிய்ப்பது என்றால் வாய்கூசும் வசைகளைப் பொழிவது. உணவகத்தில் கணவாய் வேண்டுமானால் பயப்படாமல் கேளுங்கள். பட்டியலில் பெரும்பாலும் ‘சின் யௌ’, புதுக் கணவாய் என்றே இருக்கும். அதனால் குழப்பம் வராது.

இந்தத் தொடர் கான்டனீஸ் எல்லைக்குள்ளேயே நின்றுவிடவில்லை. சீனாவில் அரசு வேலை ‘இரும்புச் சோற்றுக் கிண்ணம்’ என்று சொல்லப்பட்ட காலத்தில் ஒருவரை வேலையை விட்டு அனுப்புவதே அரிது. 1978-க்குப் பிறகு பொருளாதாரச் சீர்திருத்தம் வந்தது, 1980-இல் ஹாங்காங்கை ஒட்டிய ஷென்சென் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆனது. ஹாங்காங் முதலாளிகளும் தொழிற்சாலைகளும் எல்லை தாண்டி வந்தபோது கணவாயும் கூடவே வடக்கே போயிற்று. இன்று மாண்டரின் பேசுவோர் ‘சாவ் யோ-யூ’ என்கிறார்கள். அங்கே “அவருடைய கணவாயை வறுத்தார்” என்று உடைமை ஒட்டு சேர்ப்பது வழக்கம். கான்டனீஸில் அந்த ஒட்டு இல்லாமல் சொல்வதுதான் இயல்பு. மலேசியாவில் கோலாலம்பூர், ஈப்போ வட்டாரச் சீனர்களிடையே கான்டனீஸ் பரவலாகப் பேசப்படுவதால் அங்குள்ள தமிழர்களில் பலருக்கும் இது காதில் விழுந்த தொடராகவே இருக்கும்.

சரி, நாளை மதிய உணவுக்கு. சக ஊழியர்கள் மட்டும் இருந்தால் “ஙோ கௌ-நின் பெய் யன் ட்சாவ்-ஜோ யௌ-யூ” என்று தாராளமாகச் சொல்லுங்கள், போன வாரத்துக் குழப்பத்தையும் அதிலேயே தீர்த்துவிடலாம். நிறுவனம்தான் அனுப்பியது என்று தெளிவாக்க விரும்பினால் “கௌ குங்-ஸீ ட்சாவ்-ஜோ ஙோ யௌ-யூ” என்று சொல்லலாம். கௌ குங்-ஸீ என்பது பழைய நிறுவனம். மேலாளர் மேசையில் இருக்கிறார், பேச்சும் இயல்பாக ஓடுகிறது என்றால் அப்போதும் சொல்வதில் தவறில்லை, சொல்வது உங்களைப் பற்றி மட்டும் என்றால். அவர் தனியே அழைத்து, முந்தைய இடத்தை ஏன் விட்டீர்கள் என்று அலுவல் முறையில் கேட்டால் கணவாயை எடுக்காதீர்கள். “கௌ குங்-ஸீ ட்சோய்-யூன்”, பழைய நிறுவனத்தில் ஆட்குறைப்பு நடந்தது என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். உண்மையில் நடந்தது வேலைநீக்கம் என்றால் காய்-கூ என்ற சொல்லைச் சொல்லி, காரணத்தையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.